காலையில மடங்காத விரல்

பாரூர்ல எங்க அம்மாவுக்குக் காலையில எழுந்தா ஒரு மணி நேரம் விரல் மடங்காது. "ஓசூர்ல கம்பெனி வேலை பார்த்த கை, அப்படித்தான்"னு நானும் விட்டுட்டேன். தப்பு.

தேய்மான வலி, வேலை செய்யச் செய்யக் கூடும். அழற்சி வலி நேர்மாறு: ஓய்வுல இறுகும், அசைச்சா தளரும். அம்மாவுக்கு வந்தது முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். கிருமியை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புச் செல்கள் மூட்டின் உள்சவ்வையே தாக்கும். ரத்தக்குழாய் கசிந்து மூட்டு வீங்கும். சவ்வு தடிச்சு எலும்பை அரிக்கும். வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. அதுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி வேற மருந்து வேணும், டாக்டர் சொல்லித்தான்.

நாங்க ஒரு வருஷம் தாமதம். உங்க வீட்ல யாருக்காவது மூட்டு வீங்கி, காலை இறுக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டினா, தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க.