பின்பக்கத்தை யார் பார்ப்பாங்க?

செம்புத் தகட்டுல கண்ணாடிப் பொடியைத் தூவி, சுமார் 800 டிகிரி சூட்டுல ரெண்டு மூணு நிமிஷம் வெச்சா, பொடி உருகிப் பிடிச்சுக்கும். அதுதான் எனாமல்.

சுவர் சிற்பத்துக்காக நான் சுட்ட முதல் இலை அழகா வந்துச்சு. ஆறட்டும்னு வெச்சிட்டுத் திரும்பறேன், 'டிக்'னு ஒரு சத்தம். விரிசல்!

ஆறும்போது கண்ணாடியைவிட செம்பு அதிகமா சுருங்கும். தகடு வளையும், கண்ணாடி தெறிக்கும். பின்பக்கமும் பூசினா ரெண்டு பக்க இழுப்பும் சமமாயிடும். பிரான்ஸ்ல லிமோஜ் நகரப் பட்டறைகள் 16ஆம் நூற்றாண்டுலயே இதைச் செஞ்சாங்க. சுவரைப் பார்க்கிற பக்கம்தானேன்னு நான் விட்டுட்டேன்.

இப்போ முதல் பூச்சே பின்பக்கம்தான். மாட்டினப்புறம் அது யார் கண்ணுக்கும் படாது. ஆனா முன்பக்கம் உடையாம இருக்கிறதே அதாலதான்.