களத்தின் ஓரத்தில் நிற்போர்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, இவ்வுதியன்குளங்கரையில் குடியமர்ந்து வாழும் நம் இல்லங்களில், பள்ளி விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "ஓடி ஓடி என்ன கண்டாய்? நாளைக்கு இது சோறு போடுமா?" என்பதே அது. பெற்றோர் கேட்பது நியாயமே. எட்டுப் பேர் ஓடினால் பதக்கம் பெறுவோர் மூவர். எஞ்சியோருக்குப் பயிற்சியாளர் வேலை ஒன்றே வழி என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பய்யோலியின் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடினார். ருமேனிய நாட்டு மங்கை 55.41 வினாடியில் ஓடி வெண்கலம் கொண்டார். நூற்றில் ஒரு வினாடி! கண்ணுக்குப் புலப்படாத அவ்வேறுபாட்டைக் கண்டு கூறியோர் யார்? முடிவுக் கோட்டருகே நிழற்படக் கருவியோடு அமர்ந்திருந்தோர். தலையோ கையோ முந்தினால் போதாது, உடற்பகுதி கோட்டை எட்டிய கணமே கணக்கு என்னும் விதியறிந்து படத்தை ஆராய்வது அவர்தம் பணி.

களத்தில் கோடு இடுவதும் கணக்கறிந்தோர் வேலையே. பாதையின் அகலம் 1.22 மீட்டராயின், 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் பாதைக்காரரை 7.04 மீட்டர் முன்னே நிறுத்துதல் வேண்டும். பிழைத்தால், ஓடியவர் உழைப்பு முழுதும் வீணாம்.

உழைப்பு மட்டுமோ? 2019 அக்டோபரில் பாலாவில் நடைபெற்ற மாநில இளையோர் தடகளப் போட்டியில், ஈட்டி எறிதலும் சங்கிலிக் குண்டு எறிதலும் ஒரே வேளையில் அருகருகே நிகழ்ந்தன. ஈட்டியை எடுக்கச் சென்ற தொண்டன், ஒரு பள்ளி மாணவன், தலையில் குண்டு தாக்கி அம்மாதமே உயிர் நீத்தான். களத்தை ஒழுங்குபடுத்துவது எடுபிடி வேலையன்று, உயிர் காக்கும் பொறுப்பு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஒன்றை மறைக்காமல் கூறுவோம். நடுவர் பணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாட்படியே. அதனை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. வேறொரு தொழிலோடு இணைந்தே அது சிறக்கும். ஆனால், சுளுக்கும் தசைப்பிடிப்பும் தீர்க்கும் இயன்முறை மருத்துவம் முழுநேரத் தொழில். விளையாட்டு உளவியல், உடலியக்க அறிவியல், விளையாட்டு மேலாண்மை, செய்தி எழுதுதல், புள்ளிவிவரம் தொகுத்தல் ஆகியனவும் கற்றுத் தேர்ந்தோருக்குப் பிழைப்பளிப்பன. ஓடித் தோற்ற பிள்ளைக்குக் களம் தெரியும். அது வெறும் ஏட்டுக் கல்வியால் வாராத முதல்.

எல்லையில் வாழும் நமக்கு இரு வாயில்கள் திறந்துள்ளன. திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் 1985இல் தோன்றிய இலக்குமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி ஒன்று. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மற்றொன்று. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிலும் நம் சிறுவர், இரு மொழியிலும் போட்டிச் செய்தியை எழுதவும் அறிவிக்கவும் வல்லவராவர்.

ஆதலின் பெற்றோர்களே! அடுத்த போட்டி நாளன்று பிள்ளையிடம், "எத்தனையாவதாக வந்தாய்?" என்று மட்டும் கேளாதீர்கள். "களத்தில் வேறு யார் யார் என்னென்ன செய்தனர்?" என்றும் கேளுங்கள். அவ்விடையில் அவன் எதிர்காலம் ஒளிந்திருத்தல் கூடும்.