காரின் தலைமேல் பாரம்

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முந்தின நாள் மாலையில் பெங்களூரின் ஓசூர் சாலையோரம் சற்றே நின்று பார்த்தால், அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருக்கும் நம்மவர்கள் ஊருக்குப் புறப்படும் காட்சியைக் காணலாம். காருக்குள் ஐந்து பேர், பின்பெட்டியில் இடமில்லை, எஞ்சிய பெட்டிகளும் படுக்கையும் கூரைமேல் ஏறியிருக்கும். திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். அந்தப் பாரத்தைத் தாங்கும் கேரியரைப் பற்றித்தான் இன்று பேச எண்ணினோம். நம் வீடுகளில் கேரியர் என்றதும் சாப்பாட்டுக் கேரியர்தான் நினைவுக்கு வரும். அதை மூடித் தாழிடுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் கூரைக் கேரியரிடம் நாம் காட்டுவதில்லை.

அம்பாஸடர் ஓடிய காலத்தில் இது எளிய காரியமாக இருந்தது. அதன் கூரையின் இருபுறமும் மழைநீர் வடிவதற்கென்று உறுதியான இரும்பு விளிம்பு உண்டு. கேரியரின் கால்களை அவ்விளிம்பில் மாட்டித் திருகினால் போதும். அம்பாஸடரின் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்றைய கார்களில் அத்தகைய விளிம்பைக் காண்பது அரிது. சிலவற்றில் கூரையின் நீளவாட்டில் தண்டவாளம்போல் இரு கம்பிகள் உள்ளன, சிலவற்றில் திருகு பொருத்தும் துளைகள் மூடிக்கு அடியில் மறைந்திருக்கின்றன, பலவற்றில் வெறுங்கூரைதான். வெறுங்கூரையாயின், கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் கால்கள் வேண்டும். ஒரு காருக்கென்று செய்த கால் மற்றொன்றின் வளைவுக்குப் பொருந்தாது. ஆகவே ஜே.சி. சாலைக் கடைகளுக்குச் செல்வோர் காரின் பெயரை மட்டுமன்றி, ஆண்டையும் வகையையும் சொல்லிக் கேட்பது நலம்.

இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. நம் நாட்டில் விற்பனையாகும் சில கார்களின் கூரைக் கம்பிகள் வெறும் அலங்காரத்துக்காக ஒட்டப்பட்டவை. அவற்றின்மேல் பாரம் ஏற்றலாகாது என்று காரோடு வரும் கையேடே சொல்லும். அந்தக் கையேட்டைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்? கேரியர் வாங்குமுன் அதில் ஒரே ஒரு பக்கத்தையாவது தேடிப் படித்துவிடுவோம். கூரை தாங்கும் எடை எவ்வளவு என்று கூறும் பக்கம் அது.

சிறிய கார்கள் பலவற்றுக்கு அந்த எடை 50 கிலோ முதல் 75 கிலோ வரையில் இருக்கும். கேரியரின் எடையும் அதில் அடக்கம் என்பது பலர் மறந்துவிடும் செய்தி. பட்டறையில் இரும்புக் குழாயால் பற்றவைத்துச் செய்த கேரியரே 15 கிலோ இருந்தால், 50 கிலோவில் மிஞ்சுவது 35 கிலோதான். விமானத்தில் அனுப்பும் பெரிய பெட்டி ஒன்று 23 கிலோ என்று கொண்டால், இரண்டாவது பெட்டிக்கு இடமில்லை. அலுமினியக் கேரியருக்குக் கூடுதல் விலை கொடுப்பதன் பயன் இதுவே. அரிசி மூட்டையையும் தேங்காயையும் பின்பெட்டியின் அடியில் இட்டு, துணிகளையும் பாயையும் மேலே ஏற்றுவதே முறை. பாரம் உயரே ஏற ஏற, வளைவில் கார் சாயும் தன்மை மிகும்.

எடையைவிடக் கொடியது காற்று. கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் காற்று ஏறக்குறைய ஏழரைக் கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. வேகம் 80 ஆனால் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 30 கிலோவாகிறது. 100-ல் 47 கிலோ. ஊருக்குள் ஊர்ந்து செல்லும்வரை அசையாதிருந்த மெத்தை, நகரைக் கடந்ததும் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு பாய்போல் விரிவதன் காரணம் இதுதான். ஒருவர் காரின் சன்னல் வழியே கையை நீட்டி மெத்தையைப் பிடித்துக்கொண்டு வந்ததை நாம் பார்த்ததுண்டு. அந்தக் காற்றின் முன் அவர் கை எம்மாத்திரம்! பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர்மேல் அம்மெத்தை விழுந்தால் அவர் கதி என்ன என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் அஞ்சுகிறது.

ஆகவே மேலிருந்து கீழாக மட்டும் கட்டினால் போதாது. முன்னும் பின்னும் நகராதபடியும் கட்ட வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் 40 கிலோப் பெட்டி ஏறக்குறைய 30 கிலோ விசையுடன் முன்னால் பாயும். கொக்கியுள்ள ரப்பர்க் கயிறு சின்னஞ்சிறு சாமான்களுக்கு மட்டுமே ஆகும். இழுபடுவதே அதன் இயல்பு. நைலான் கயிறு மழையில் நனைந்தால் நீண்டு தளரும். பாலியெஸ்டர் பட்டை அவ்வளவாக நீளாது. கொக்கியும் திருகுபல்லும் உள்ள அத்தகைய பட்டையே சிறந்தது. பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அது எழுப்பும் இரைச்சலும் அடங்கும். தார்ப்பாய் போர்த்துவோர் அதன் முன்விளிம்பைச் சாமானுக்கு அடியில் மடித்துச் செருகுதல் வேண்டும்.

எவ்வளவு இறுகக் கட்டினாலும், சாமான்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததும் கட்டு தளரும். அத்திபெலே எல்லையை அடையுமுன் ஓரிடத்தில் ஒதுங்கி, பட்டைகளையும் கேரியரின் திருகுகளையும் கையால் அசைத்துப் பார்ப்பது நன்று. தருமபுரிக்கு அப்பால் தொப்பூர் இறக்கம் தொடங்குமுன் மற்றொரு முறை. திம்பம் வழியே கோவைக்குச் செல்வோருக்கு 27 கொண்டையூசி வளைவுகள் உண்டு; அங்கே இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கில்லை. மீறி ஏதேனும் சாலையில் விழுந்துவிட்டால், அதை எடுக்க ஓடலாகாது. இடப்புறம் ஒதுங்கி, எச்சரிக்கை விளக்குகளை இட்டு, தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணுக்கோ, போலீசாரின் 112-க்கோ சொல்லுவோம். பெட்டி போனால் போகட்டும்.

சட்டமும் உண்டு. பாரம் அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ, முன்பின்னாகவோ, உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். பதிவுச் சான்றிதழில் கண்ட அமைப்பு மாறும்படி வண்டியைத் திருத்துவதையும் அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கூரையைத் துளையிட்டு, கேரியரைப் பற்றவைத்துக்கொள்ளத் துணிவோர், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

இன்னொன்று, நாமே பட்டறிந்தது. ஊரிலிருந்து திரும்பிய மறுநாள், கேரியரை மறந்து ஒரு கடைத்தொகுதியின் நிலவறை நிறுத்தத்துக்குள் நுழைந்தோம். நுழைவாயிலில் உயர அளவு பெரிதாக எழுதியிருந்தது, நாம் படிக்கவில்லை. தடுப்புக் கம்பி கேரியரின் முன்கம்பியை வளைத்துவிட்டது. கீறல் விழுந்த கூரையைச் சரிசெய்ய ஆன செலவு கேரியரின் விலையைத் தாண்டியது. அதுமுதல், சாமான் ஏற்றிய பின் தரையிலிருந்து உச்சிவரை அளந்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டிவைக்கிறோம்.

வெறும் கேரியரும் காற்றை எதிர்த்து எரிபொருளைத் தின்னும். ஊருக்குப் போய்வந்ததும் அதைக் கழற்றி, கால்களின் ரப்பரில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு, சாவியோடு சேர்த்து வைத்துவிடலாம்.