கரணையும் கடற்பாசியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா உரை)



நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் ரிஷிவந்தியத்தில் கடற்பாசியைப் பற்றி ஓர் உரையா என அவையோர் வியக்கலாம். மருதத்து உழவர்க்கும் நெய்தல் மகளிர்க்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. விதை எங்கிருந்து வருகிறது என்பதே அது.

கரும்புக்கு விதை தூவுவார் இலர்; கரணை நடுவர். மரவள்ளிக்குக் குச்சி நடுவர். வெட்டி நட்ட துண்டு தாயின் மரபை அப்படியே சுமந்து வளரும். தாய் நல்லதாயின் வயல் முழுதும் நல்லதாகும். தாய்க்கு ஒரு நோயைத் தாங்கும் ஆற்றல் இல்லையெனில், வயல் முழுதும் அவ்வாற்றல் இன்றியே நிற்கும். மரவள்ளித் தேமல் நோய் குச்சியோடு குச்சியாக ஊர்விட்டு ஊர் செல்வதை உழவர் அறிவர்.

இதே நிலைதான் இராமநாதபுரம் கடலிலும். அங்கு மகளிர் நெடுங்காலமாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறித்து வந்தனர். பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட கப்பாபைகஸ் என்னும் செம்பாசி, 1980களில் ஜப்பான் வழியாக இந்திய ஆய்வுக்கூடத்தை அடைந்தது. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதனை வளர்த்துப் பார்த்தது. 1990களின் நடுவில் அது மண்டபம் கடலுக்கு வந்தது. பின்னர் பெப்சி நிறுவனம் வணிக வளர்ப்பில் இறங்கவே, மக்கள் வழக்கில் அது 'பெப்சிப் பாசி' ஆயிற்று. பனிக்கூழையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் காராஜீனன் அதிலிருந்தே கிடைக்கிறது.

மூன்று மீட்டர் நீள அகலமுள்ள மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, ஏறத்தாழ 60 கிலோ பாசித் துண்டுகளை முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடை. அறுத்ததில் ஒரு பகுதியே அடுத்த விதை. கரணைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பல நாட்டுப் பண்ணைகளின் பாசியை ஒப்பிட்டு 2006இல் வெளியான மரபணு ஆய்வு, அவை பெரும்பாலும் ஒரே தாய்வழியின் கிளைகள் எனக் காட்டியது. கடல்கள் பல, செடி ஒன்று!

அதன் விளைவுகளும் தோன்றின. 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மீது இப்பாசி படர்ந்தமை பதிவாயிற்று. 2013ஐ ஒட்டிக் கடல்நீர் சூடேறியபோது மிதவைகளில் பாசி பெருமளவில் அழிந்தது. அதை நம்பிய குடும்பங்களின் வருவாயும் சுருங்கிற்று. இங்கே படர்ந்தும் அங்கே மடிந்தும் வேறுபாடற்ற ஒரு மரபு தன் இருமுகங்களையும் காட்டியது.

குளிர்கடலில் வளரும் கெல்ப் என்னும் பழுப்புப் பாசியின் கதை வேறு. தமிழகத்து வெங்கடலில் அதற்கு இடமில்லை. ஆதலால் தமிழில் அதற்குப் பெயருமில்லை. பாசி எனினும் அது மரஞ்செடிகளின் உறவன்று. முன்னொரு காலத்தில் ஓர் ஒற்றைச் செல்லுயிர் செம்பாசியை விழுங்கித் தன்னுள் வைத்துக்கொண்டது. அவ்வழியில் வந்த தனிக்குலம் அது. பல மீட்டர் நீளும் அதன் உடலிலிருந்து உதிரும் நுண்வித்துகள், கண்ணுக்குப் புலப்படாத ஆண் இழைகளாகவும் பெண் இழைகளாகவும் வாழ்ந்து, கூடி, மீண்டும் பேருடல் பெறும். அர்த்தநாரீசுவரர் உறையும் இவ்வூரார்க்கு ஆணும் பெண்ணும் சேர்ந்தே முழுமை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அவ்விழைகளை ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் காத்துவைக்கலாம். 1927இல் ஜப்பானிலிருந்து தற்செயலாகச் சீனத்தின் தாலியன் துறைமுகத்தை அடைந்த கெல்ப், செங் செங்குய், பாங் சோங்சி போன்ற அறிஞர்களின் உழைப்பால் புதிய இரகங்கள் பெற்று அந்நாட்டின் பெரும்பயிர் ஆயிற்று. ஆயினும் தேர்ந்தெடுத்த சில பெற்றோரையே மீண்டும் மீண்டும் கலப்பதால், அங்கும் மரபு வளம் குறுகும் அச்சம் உண்டு.

தீர்வைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1912இல் தொடங்கப்பெற்ற கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கடராமனும் இனிய கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்தனர். இனிப்பில்லாதது என எவரும் புறக்கணித்த புல்லே வலிமையைத் தந்தது. கோ 205 என்னும் இரகம் அவ்வாறு பிறந்தது. காட்டுறவு அழிந்திருந்தால் அக்கலப்பு ஏது?

இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் ஏறத்தாழ 127 கோடி ரூபாய் மதிப்பிலான கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அங்கு மிதவைகளை மட்டும் பெருக்கினால் போதாது. பலவகைத் தாய்ப்பாசிகளும் மன்னார் வளைகுடாவின் சொந்தப் பாசிகளும் காக்கப்படவேண்டும். அவையே அக்கரை மகளிரின் நாளைய விதைநெல்.

கவிஞர்களே! சொல்லுக்கும் இதுவே விதி. பிறர் பாட்டின் கரணையையே நட்டு வளர்க்கும் கவிதை சில பருவம் செழிக்கும். பிறகு ஒரே நோயில் மடியும். கல்வராயன் மலைப் பேச்சும் களத்துமேட்டு வழக்கும் தமிழின் காட்டுக் கரும்புகள். அவற்றைப் போற்றுக, கலந்து புதியன படைக்க.