சட்டையில் எழுதிய சொல்



எங்கள் இளமைக் காலத்தில் சட்டையில் எழுத்து என்று ஒன்று இருந்தால், அது சலவைக்காரர் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் இடும் மைக்குறி ஒன்றுதான். அதுவும் பிறர் கண்ணில் படாது. இன்று மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக மாலையில் நான் உலாவச் செல்லும்போது, எதிர்ப்படும் இளைஞர்களில் பெரும்பாலோர் மார்பிலோ முதுகிலோ ஏதேனும் ஒரு வாசகத்தைச் சுமந்து வருகிறார்கள். பொருள் என்னவென்று கேட்டால், "தெரியாது சார், நிறம் நன்றாக இருந்தது, எடுத்தேன்" என்கிறார்கள். பொருள் தெரியாமல் அணிவது ஒரு வகை. அதனால் பெரிய கேடு இல்லை. பொருள் தெரிந்தே, பிறர் மனம் புண்பட வேண்டும் என்றே எழுதி அணிவது மற்றொரு வகை. அவ்வாறு அணிந்து நீதிமன்றப் படி ஏறிய கால்பந்து ரசிகர் சிலரைப் பற்றியும், படி ஏறாமல் தப்பிய நம் கடற்கரைப் பிள்ளைகள் எழுவரைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ என்றொரு விளையாட்டரங்கு உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. அந்நாளில் பார்வையாளர் களத்துக்குள் பாயாதிருக்க இரும்பு வேலியிட்டு, நின்று பார்க்கும் பகுதியைப் பட்டி பட்டியாகப் பிரித்திருந்தார்கள். வெளியே நெரிசல் மிகுந்தபோது காவல்துறை ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த கூட்டம், முன்பே நிரம்பியிருந்த நடுப் பட்டிகளுக்குள் புகுந்தது. முன்னே வேலி, பின்னே ஆயிரக்கணக்கானோர். ஆட்டம் தொடங்கிய ஆறாம் நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. அதற்குள் மக்கள் நின்ற நிலையிலேயே மூச்சுமுட்டி மாண்டுகொண்டிருந்தார்கள். இறந்தவருள் பத்து வயதுச் சிறுவனும் ஒருவன். அன்று மூளை பாதிப்புற்ற ஒருவர் 2021இல் இறந்தார். அவரோடு சேர்த்து இறந்தோர் தொகை 97 ஆயிற்று.

இவ்வளவு துயரத்துக்கும் மேலே ஒரு பழியும் வந்து சேர்ந்தது. குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று காவல்துறையினர் கூறினர். 'தி சன்' என்னும் நாளேடு, பிணங்களின் பையிலிருந்து ரசிகர்கள் திருடினார்கள் என்று முதற் பக்கத்தில் எழுதியது. அது பொய். அந்தப் பொய்யைத் துடைக்கக் குடும்பத்தினர் 27 ஆண்டுகள் போராடினார்கள். 2016 ஏப்ரலில்தான் விசாரணை நடுவர் குழு, இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள் மீது குற்றமில்லை என்றும் தீர்ப்புக் கூறியது. 97 என்பது அந்த ஊரார்க்கு வெறும் எண்ணன்று என்பதை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

இனி 2023 ஜூன் 3. லண்டன் வெம்பிளி அரங்கில் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். மான்செஸ்டர் நகரின் இரண்டு அணிகளும் மோதுகின்றன. லிவர்பூல் அணி அன்று களத்திலேயே இல்லை. ஆயினும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் ஒருவர் தம் அணிச் சட்டையின் முதுகில் 97 என்ற எண்ணை இட்டு, அத்துடன் 'போதாது' என்னும் பொருள்பட இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பொறித்து வந்தார். யாரோ படம் எடுத்தார்கள். அது உலகெங்கும் பரவிற்று. அவர் கைதானார்.

காவலரிடம் அவர் முதலில் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள். தம் பாட்டனார் 97 வயதில் காலமானார் என்றும், அவருக்குப் போதிய பிள்ளைகள் இல்லை என்றும், அதையே சட்டையில் குறித்ததாகவும் சொன்னார்! நாற்பது ஆண்டு வகுப்பறையில் கழித்தவன் நான். வீட்டுப்பாடம் எழுதாததற்கு இதைவிட நல்ல காரணங்களை ஆறாம் வகுப்பில் கேட்டிருக்கிறேன். நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆயிரம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கால்பந்து ஆட்டம் எதற்கும் செல்லக்கூடாது என்ற தடையும் விதிக்கப்பட்டது. அத்தகைய தடைக்கு உள்ளானவர், நாட்டின் அணி வெளிநாட்டில் ஆடும் காலங்களில் தம் பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அந்நாட்டு விதி. இந்தப் பாஸ்போர்ட்டைச் சற்று நினைவில் வையுங்கள்.

அவரைத் தண்டித்தது 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம். அச்சுறுத்துகிற அல்லது வசைபாடுகிற எழுத்தை, அதனால் மனவேதனை அடையக்கூடியவர் கண்ணில் படும்படி காட்டுவது குற்றம் என்று அது கூறுகிறது. முன்பு 'இழிவுபடுத்துகிற' என்ற சொல்லும் அதில் இருந்தது. பேச்சுரிமையை அது அளவுக்கு மீறி நெரிக்கிறது என்று கருதி 2014 முதல் அச்சொல்லை எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் கால்பந்து ரசிகர்களின் வசைகளுக்கென்றே 2012இல் தனிச் சட்டம் செய்தார்கள். 2018இல் அதை நீக்கியும் விட்டார்கள். சொல்லுக்கு வேலி போடுவது எளிதன்று.

ஜெர்மனியில் நடந்தது இதற்கு நேர் மாறானது. கால்பந்து ஆட்டத்துக்குச் சென்ற ஒரு ரசிகர், காவலர் அனைவரும் கீழ்மக்கள் என்ற பொருளுடைய ஆங்கில வசையின் நான்கு முதலெழுத்துகளைத் தம் கால்சட்டையின் பின்புறத்தில் பெரிதாகப் பொறித்திருந்தார். இருக்கையில் அமரும் பகுதி என்று சொன்னால் போதும். கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. அவர் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றார். 2016 மே மாதத்தில் அந்த நீதிமன்றம் தண்டனையை ஒதுக்கித் தள்ளியது. 'காவலர் அனைவரும்' என்றால் யார்? எல்லையற்ற ஒரு பெருங்கூட்டம். அந்த வசை எந்த ஒரு காவலர் மீதும் போய்த் தைக்கவில்லை. அரங்கில் காவலர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் குற்றமாகாது. இவ்வாறு அது கூறிற்று. ஆனால் 2020இல் அதே நீதிமன்றத்துக்கு வேறொரு சட்டை வந்தது. அதில் இருந்த வசை குறிப்பிட்ட ஒரு சிறு காவற்பிரிவின் மீது வேண்டுமென்றே குறிவைத்தது என்று கண்டபோது, தண்டனையில் தலையிட அந்நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகத்தார் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு ஒன்று நடத்தினார்கள். அங்கு நிறைவேறிய தீர்மானம் ஒன்றை நாளேடுகள் திரித்து வெளியிட்டு மாநாட்டின் பெயரைக் கெடுத்தன என்று வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1972இல் வந்த தீர்ப்பு, ஒரு கூட்டத்தாரை அவதூறு செய்ததாகச் சொல்ல வேண்டுமானால், அக்கூட்டத்தார் இன்னார் என்று வரையறுத்துக் காட்டக் கூடியவராக இருக்க வேண்டும் என்றது. வந்து கலைந்த மாநாட்டுக் கூட்டம் அத்தகையதன்று என்று வழக்கைத் தள்ளியது. அன்றைய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆயினும் இந்தக் கருத்து அதன் 356ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. அதே பிரிவில் மாணவர் பலர் அறியாத விளக்கம் ஒன்றும் உண்டு. இறந்துபோனவரைப் பழித்தாலும், உயிரோடிருந்தால் அவர் பெயருக்குக் கேடாகக்கூடிய பழியாகவும், அவருடைய சுற்றத்தார் உள்ளத்தைப் புண்படுத்தும் நோக்கம் உடையதாகவும் இருந்தால், அது அவதூறாகலாம்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருகிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும். இளைஞர்க்கு வேலை இராது. ஆகவே போட்டிகள் மிகும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு கோடையில் இரண்டு ஊர் அணிகள் கால்பந்து இறுதியாட்டத்துக்கு வந்தன. ஊர்ப் பெயர்கள் வேண்டா. அவற்றுள் ஓர் ஊரிலிருந்து முந்தைய பருவத்தில் கடலுக்குச் சென்ற இருவர் திரும்பி வரவில்லை. எதிரணியின் ரசிகர் எழுவர், வெம்பிளிச் சட்டையின் படத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். அதைப் போலவே ஏழு பனியன்களில் அச்சிட்டு வாங்கி வந்தார்கள். இரண்டு என்ற எண்ணும், கடல் கொண்டது போதவில்லை என்ற பொருளில் ஒரு வரியும் அதில் இருந்தன. அவர்கள் எழுதியபடியே சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் கல் பறந்தது. காவலர் வந்து பனியன்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோனார்கள். எழுவரில் மூவர் என்னிடம் படித்தவர்கள். ஆகவே சார்பு ஆய்வாளர் எனக்குச் சொல்லியனுப்பினார். அவரும் இளைஞர்தான். "ஐயா, அமைதியைக் குலைக்கும் நோக்கத்தோடு அவமதித்தார்கள் என்று எழுதலாம். இரு ஊருக்கும் பகை மூட்டினார்கள் என்றும் எழுதலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளில் நாலு பேர் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

நம் பக்கத்தில் பாஸ்போர்ட்டு என்பது வெறும் புத்தகமன்று. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்து அனுப்பும் பணத்தில் நடக்கும் குடும்பங்கள் பல. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வெம்பிளி ரசிகருக்குச் சில நாள் ஒப்படைப்பு. இவர்களுக்கோ வாழ்வே தடைப்படும்.

பிள்ளைகளிடம் சென்றேன். அவர்களுள் கெட்டிக்காரன் ஒருவன், "சார், நாங்கள் யார் பெயரையும் எழுதவில்லை. ஊரைத்தான் சொன்னோம். விளையாட்டில் இதெல்லாம் சகஜம்" என்றான். கார்ல்ஸ்ரூ நீதிபதிகள் சொன்னதை அவன் படித்ததில்லை. ஆனால் அதே வாதம். நான் அவனுக்கு மறுமொழி தேடிக்கொண்டிருந்தேன். வழக்கறிஞனுக்குரிய மறுமொழி கிடைத்தது: முந்நூறு வீடுள்ள ஊரில் இரண்டு பேர் என்றால் அது வரையறையற்ற கூட்டமன்று, பெயர் எழுதாவிட்டாலும் பெயர் எழுதியதே ஆகும். அதைச் சொல்ல வாயெடுக்குமுன், கடலில் போன இருவருள் ஒருவனுடைய தகப்பனார் நிலையத்துக்குள் வந்தார். அவர் புகார் கொடுக்க வந்தார் என்று நினைத்து ஆய்வாளர் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

அமெரிக்காவில் 1968இல் ஒருவர், போருக்கு ஆள் சேர்ப்பதை எதிர்த்து மேற்சட்டையில் ஓர் ஆபாசச் சொல் எழுதி, நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடந்து கைதானார். 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிடிக்காதவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாமே என்பது அங்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நல்ல காரணந்தான். அரசை எதிர்க்கும் சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அன்று எங்கள் முன் நின்ற முதியவருக்குக் கண்ணைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது.

மேசைமேல் கிடந்த பனியனை எடுத்தார். விரித்தார். அந்தக் கெட்டிக்காரனிடம் நீட்டி, "தம்பி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்குன்னு நீயே படிச்சுச் சொல்லு" என்றார்.

அவர் குரலில் சினம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவன் பனியனைக் கையில் வாங்கினான். மேடையேறிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன், வாய் திறக்கவில்லை. மற்ற அறுவரும் தரையைப் பார்த்தார்கள். சிறிது நேரம் பொறுத்து முதியவர் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார். நானும் படிக்கவில்லை. அவர் பனியனை வாங்கி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வழக்குப் பதிவாகவில்லை. இனி இப்படிச் செய்வதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். விட்டுவிடுங்கள் என்று சொன்னவன் நான்தான். அது சரியா என்று என் நண்பர், அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்றும் என்னிடம் வாதிடுகிறார். ஆயிரம் பவுனும் நான்கு ஆண்டுத் தடையும் போன்ற அளவான தண்டனை இங்கு இருந்திருந்தால், நானே வழக்குப் போடச் சொல்லியிருப்பேன். இங்கே குற்றம் சிறிதாயிருந்தாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். நீளும் காலமே தண்டனையாகிவிடும். ஆனால் மகனை இழந்தவரை நான் ஒன்றும் கேட்காமலே முடிவு சொன்னேன். அதை நண்பர் சுட்டிக்காட்டும்போது எனக்கு விடையில்லை.

இறுதியாட்டம் பத்து நாள் கழித்து, பனியனில் எழுத்து எதுவும் கூடாது என்ற நிபந்தனையோடு நடந்தது. அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை பின்னர்ச் சவூதிக்குப் புறப்பட்டான். விடைபெற என் வீட்டுக்கு வந்தான். அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன். "இல்லை சார், போய் என்ன சொல்வது?" என்றான். சொல்ல வேண்டியதை நான் எடுத்துக்கொடுக்கவில்லை. திருச்சிக்குப் பேருந்து நேரமாயிற்று என்று எழுந்து போனான்.