பெருநாள் விருந்தும் மூச்சுச் சோதனையும்



மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே வீடுகள் நெருங்கி அமைந்த ஊர் காத்தான்குடி. நோன்பு மாதம் நிறைவெய்திப் பிறை தென்பட்ட இரவில் அவ்வூரின் அடுப்புகள் உறங்குவதில்லை. மறுநாள் புரியாணியும் இறைச்சிக் கறியும் வட்டிலப்பமும் எருமைத் தயிரும் பாலூற்றிய பலூதாவும் வீடுதோறும் விருந்தினரை எதிர்நோக்கி நிற்கும். ஒரு வீட்டில் உண்டு எழுந்தவர் அடுத்த வீட்டில் கைந்நனையாது திரும்புதல் மரியாதையன்று. அயலூர்களில் தைப்பொங்கலுக்கும் நத்தாருக்கும் நிகழ்வதும் இதுவேயாம்.

விருந்து முடிந்த இரவில் வயிறு உப்புகின்றது, புளியேப்பம் எழுகின்றது, நெஞ்சு எரிகின்றது. இதில் வியப்பில்லை. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெல்லவே இறங்கும். அது இறங்குமுன் மேலும் உண்டால் இரைப்பை விரிந்து வருந்தும். இவ்வருத்தத்துக்குச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. உண்டவுடன் படுக்காது சற்றே உலாவி, ஓரிரு நாள் அளவோடு உண்டால் அது தானே தணியும்.

ஆயின், பெருநாள் கழிந்து வாரங்கள் சென்ற பின்னரும் சிலருக்கு இத்தொல்லை நீங்குவதில்லை. ஒரு குவளைப் பால் அருந்தினாலும் வயிறு இரைந்து கழிச்சல் உண்டாகும். அவர்கள் புரியாணியைப் பழித்துவிட்டு, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவர். உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம். அதனைத் தேடும் வழிகளுள் ஒன்றே மூச்சுச் சோதனை.

வயிற்றில் உள்ளதை மூச்சு எவ்வாறு அறிவிக்கும்? மனித உடலின் கலங்கள் ஐதரசன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடலில் வாழும் பற்றீரியாக்களே அதனை உண்டாக்குகின்றன. பாலில் இலற்றோசு என்னும் சர்க்கரை உண்டு. அதனைப் பிளக்கும் நொதியம் குழந்தைப் பருவத்திற்குப் பின் பலருக்குக் குறைந்துவிடுகின்றது. உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இவ்வகையினரே. அவர்களுட் பலர் சிறிதளவு பாலைத் தொல்லையின்றி அருந்துவர். அளவு மிகும்போதுதான் வருந்துவர். செரிக்காத சர்க்கரை பெருங்குடலை அடைந்ததும் பற்றீரியாக்கள் அதனைப் புளிக்கச் செய்கின்றன. அப்போது பிறக்கும் ஐதரசன் குருதியிற் கலந்து, நுரையீரலை அடைந்து, மூச்சோடு வெளியேறுகின்றது.

சோதனைக்கு வருபவர் இரவு முழுதும் உண்ணாதிருந்து, காலையில் ஒரு முறை கருவியில் ஊதுவார். பின் 25 கிராம் இலற்றோசு கலந்த நீரை அருந்தி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையிடையே ஊதிக்கொண்டிருப்பார். ஐதரசனின் அளவு தொடக்கத்தைவிடப் பத்து இலட்சத்தில் 20 பகுதி உயர்ந்தால், பாற்சர்க்கரை செரிக்கவில்லை என்பது பெறப்படும். இதனை அறிந்தவர் உணவனைத்தையும் வெறுக்க வேண்டியதில்லை. வட்டிலப்பத்திற் சேரும் தேங்காய்ப்பாலில் இலற்றோசு இல்லை. தயிரில் அது பாலிலும் குறைவு. எனவே பலூதாவை விலக்கியவர் வட்டிலப்பத்தை அளவோடு சுவைக்கலாம்.

மற்றொரு மூச்சுச் சோதனை இரைப்பைக்கு உரியது. இரைப்பையில் எலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியா வாழ்வதை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன், பரி மார்சல் என்னும் வைத்தியர் இருவர் கண்டறிந்தனர். கவலையும் காரமுமே குடற்புண்ணுக்குக் காரணம் என்று நம்பப்பட்ட காலம் அது. மார்சல் 1984 இல் அக்கிருமியைத் தாமே அருந்தி நோயுற்றுக் காட்டினார். 2005 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி யூரியாவைப் பிளக்கும் இயல்புடையது. அடையாளமிட்ட காபன் அடங்கிய யூரியாவை அருந்தச் செய்து, ஏறத்தாழ அரை மணி நேரத்தின் பின் மூச்சைச் சோதித்தால், அக்காபன் காபனீரொட்சைட்டாக வெளிவருகின்றதா என்பதைக் கொண்டு கிருமி உண்டா இல்லையா என அறியலாம். உண்டெனில் மருந்தினால் அதனை ஒழிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெஞ்செரிவுக்காக ஒமெப்பிரசோல் போன்ற மாத்திரையை உட்கொண்டு யூரியாச் சோதனைக்குச் செல்பவருக்குக் கிருமி இருந்தும் இல்லையென விடை வரக்கூடும். அம்மாத்திரையை இரு வாரங்களுக்கும், நுண்ணுயிர்கொல்லிகளை நான்கு வாரங்களுக்கும் முன்னரே நிறுத்த வேண்டும். அதுவும் வைத்தியரின் சொற்படியே. ஐதரசன் சோதனைக்கு முதல்நாள் பயறும் பருப்பும் வெங்காயமும் விலக்கத்தக்கவை. ஆதலின் பெருநாளின் மறுநாளே மூச்சை ஊதிப் பார்த்தல் பயனற்றது. நீரிழிவுள்ளவர் அதனை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும்.

இதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. விருந்துக்குப் பின் நடுநெஞ்சில் அழுத்தம் தோன்றி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் கூடினால், அதனை வாய்வுக் குத்தென்று எண்ணி இஞ்சித் தேநீர் குடித்துக் காத்திருத்தல் ஆகாது. அது மாரடைப்பாக இருக்கலாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். கருநிறமாக மலம் கழிதல், காரணமின்றி மெலிதல், விழுங்கத் தடை, இரத்த வாந்தி ஆகியவையும் மூச்சுச் சோதனைக்குக் காத்திராது உடனே வைத்தியசாலையை நாட வேண்டிய குறிகள்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், எஞ்சியதை மூச்சுக்கும் ஒதுக்குமாறு நபிகள் நாயகம் அவர்கள் அறிவுறுத்தியதைக் காத்தான்குடி மக்கள் நன்கறிவர். மூச்சுக்கு இடம்விட்டு உண்பவருட் பெரும்பாலார்க்கு மூச்சைச் சோதிக்கும் தேவையே எழுவதில்லை. அளவோடு உண்டும் தொல்லை தீராதவர் நாணாது வைத்தியரிடம் சென்று வினவுதலே முறை.