பதாகைகள் பேசும் மொழி



கொடி என்றதும் தமிழ் படித்தோருக்கு வில்லும் புலியும் கயலும் நினைவுக்கு வரும். பட்டினப்பாலையிலோ வாதம் புரியும் ஆசிரியர்க்கும் கொடி உண்டு. கள் விற்போர்க்கும் உண்டு. அதே துறைமுகத்தில் மூடை சுமந்தவர்க்குக் கொடி இருந்ததாகப் புலவர் பாடவில்லை. உழைப்போர் தமக்கெனக் கொடி உயர்த்திய கதையை அறிய, கைத்தொழிற் புரட்சி கண்ட இங்கிலாந்தை நோக்க வேண்டும்.

அங்கே 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளர் கூடிச் சங்கம் அமைப்பதைத் தடைசெய்தன. 1824இலேதான் அத்தடை நீங்கியது. ஆனால், லிவர்பூல் தகரத் தொழிலாளரின் பதாகை 1821ஆம் ஆண்டுக்குரியது. மன்செஸ்ரர் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம். உரிமை வருமுன்னரே கொடி வந்துவிட்டது!

1837இல் ஜோர்ஜ் ரியூற்றில் என்பவர் பதாகை செய்யும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். சுருட்டினாலும் வர்ணம் வெடிக்காதவாறு பட்டுத்துணிக்கு இறப்பர் பூசும் முறைக்கு 1861இல் காப்புரிமை பெற்றார். அப்பட்டில் எவற்றை வரைந்தார்கள்? பற்றிய இரு கரங்கள், தேன்கூடு, நோயுற்ற தோழனுக்கு உதவி கொண்டுவரும் சங்கத்தார், ஒன்றாகக் கட்டிய குச்சிகள்.

தனிக் குச்சி ஒடியும், கட்டு ஒடியாது என்ற ஈசோப்பின் கதையை நாமும் பாலபருவத்தில் படித்தோம். சொல்ல வந்த பொருளை மறைத்து உவமையை மட்டும் கூறுவதைப் பிறிது மொழிதல் என்பர் அணிநூலார். வகுப்பில் அவ்வணியைக் கற்பிக்கையில் இக்குச்சிக் கட்டினையும் நான் எடுத்துக்காட்டுவதுண்டு. எழுத்தறியாத தொழிலாளியும் அவ்வணியின் பொருளை உணர்ந்தான்.

வட இங்கிலாந்தின் டேர்ஹம் நகரில் சுரங்கத் தொழிலாளரின் பெருவிழா 1871இல் தொடங்கியது. ஒவ்வொரு சுரங்கத்தாரும் வாத்தியக் குழுவுடன் தம் பதாகையை ஏந்தி வருவர். அவ்வாண்டு சுரங்கத்தில் உயிரிழப்பு நேர்ந்திருந்தால் பதாகைமேல் கறுப்புத் துணி போர்த்தப்படும். 1951 மே மாதத்தில் ஈசிங்ரன் சுரங்க வெடிப்பில் 81 தொழிலாளரும் மீட்கச் சென்ற இருவரும் மாண்டனர். அடுத்து வந்த விழாவில் ஈசிங்ரன் பதாகை கறுப்பணிந்து சென்றது. எத்தனை இரங்கற்பாக்கள் வேண்டும், அந்த ஒரு முழத் துணிக்கு ஈடாக!

1993 டிசெம்பரில் அப்பகுதியின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. ஆயினும் விழா நிற்கவில்லை. பழையன நைந்துபோக, ஊரவர் பணம் சேர்த்துப் புதிய பதாகைகளும் செய்விக்கின்றனர்.

சுரங்கம் இல்லாத ஊருக்குக் கொடி எதற்கு என்று மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அரசு அழிந்த பின்னும் மூவேந்தர் கொடிகளை நாம் மறந்தோமா? அவற்றை நினைவில் வைக்கப் புலவர்கள் இருந்தார்கள். சுரங்கத்தில் மாண்டவர்க்கோ அவர்தம் பிள்ளைகளே புலவர்கள்; பதாகையே பாட்டு. அதனால்தான் அதைக் கீழே வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.